நாக்கில்லாத வார்ப்பு

கொடைக்கானல் ஏழு ரோட்டில்
மருந்துக்கடைக்கு மேல்மாடி.
ஜனவரியில் மாவு இறுக நேரமாகும்.
காத்திருப்பேன்.
பதினேழு வருடமாக இந்த ஊரின் வாய்களை வார்க்கிறேன்:
டாக்சிக்காரர்கள், மடத்துச் சகோதரிகள்,
பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டையோடு வந்து
பல்லையும் காட்டிவிட்டுப் போகிறவர்கள்.
ஈறு வரும், அண்ணம் வரும்,
சொத்தை விழுந்த குழிகூட வரும்.
நாக்கு மட்டும் அச்சில் நிற்காது.

ஹே-சுக் வந்தது ஒரு திங்கட்கிழமை.
நாயுடுபுரத்தில் கொரியப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்துகிறவர்.
கடலைமிட்டாய் கடித்ததில்
மேல்வரிசை முன்பல் பாதி போயிருந்தது.
"வலி இல்லை. ஒரு எழுத்து ஒழுகுகிறது" என்றார்
சந்தையில் கற்ற தமிழில்.
எந்த எழுத்து?
வேலைச்சீட்டின் பின்புறம் வரைந்தார்:
இரண்டு கோடுகள், உச்சியில் சாய்ந்து முட்டிக்கொண்டு.
கூடாரமா என்றேன்.
பல், என்றார்.
'ஸ'வுக்குப் பல்லையே எழுத்தாக வைத்துவிட்டார்களாம்.

அடுத்ததை நான் சட்டென்று படித்தேன்: ட.
இல்லை, ந.
பக்கவாட்டில் பார், நாக்கு.
நுனி எழுந்து முன்பல்லின் ஈறைத் தொடுகிறது.
நேற்றைய வார்ப்பை எடுத்து
சுட்டுவிரலை உள்ளே வளைத்துப் பார்த்தேன்.
சரியாக உட்கார்ந்தது.
சதுரம், மூடிய உதடு. வட்டம், தொண்டை.
தலைகீழ் மூலை ஒன்று,
நாக்கின் அடி எழும்பித் தொண்டையை அடைப்பது: க.

வல்லினம் நெஞ்சில், மெல்லினம் மூக்கில் பிறக்கும் என்று
ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறேன்.
எங்கே பிறக்கும் என்று எங்களுக்கும் தெரியும்.
படம் போடத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

கல்லில் ஒரு க, தங்கத்தில் ஒரு க,
எழுத்து ஒன்றுதான், இடம் பார்த்து ஒலிப்போம் என்றேன்.
எங்களுக்கும் அப்படியே, என்றார்.
ஆனால் மூச்சு கூடினால் கோடு ஒன்று கூடும்.
சன்னல் கண்ணாடிக்கு அருகே போய்
வெறும் க சொன்னார்: ஒன்றுமில்லை.
கோடு போட்ட க சொன்னார்:
தோசை அளவுக்கு வெள்ளையாய்ப் பூத்தது.
மதுரையில் இதை யாரும் பார்த்திருக்க முடியாது.

கோந்து காய்வதற்குள் மீதியைச் சொன்னார்.
ஏறத்தாழ அறுநூறு வருடத்துக்கு முன் ஓர் அரசன்.
சீன எழுத்து படிக்காத குடிகள்
தங்கள் வழக்கைத் தாங்களே எழுத முடியவில்லையே என்று
செய்ய வைத்தானோ, தானே செய்தானோ.
கெட்டிக்காரனுக்கு ஒரு காலைப்பொழுது போதும்,
மந்தமானவனுக்குப் பத்து நாள்.
படித்தவர்களுக்குப் பிடிக்கவில்லை.
பொம்பளை எழுத்து என்றார்கள்.
"அடுப்படியில் பிழைத்துக்கொண்டது" என்றார்,
சாதம் வெந்துவிட்டது என்பதுபோல.

உயிரெழுத்துக்கு?
படுத்த கோடு நிலம். நின்ற கோடு மனிதன்.
புள்ளி, வானம்.
எங்களிடம் புள்ளி வைத்தால்
எழுத்தின் உயிர் போய்விடும் என்றேன்.
கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.
விரலிடுக்கில் அந்த எழுத்து ஒழுகியது.

இரண்டாம் முறை அளவு.
மூன்றாம் முறை பல்லைப் பொருத்திவிட்டு
ஏதாவது சொல்லுங்கள் என்றேன்.
ஸன்.
இன்னொரு முறை.
ஸன்.
காற்று ஒழுகவில்லை.
மலை என்று அர்த்தமாம்.
சன்னலுக்கு வெளியே அது இல்லை,
பனி மூடி மூன்று நாளாகிறது.
கண்ணாடியின் ஆவியில் எழுதிக் காட்டினார்:
மேலே பல்,
பக்கத்தில் நிற்கும் மனிதன்,
அவன் விலாவில் சின்னக் கோடாகத் தேய்ந்துபோன வானம்,
கீழே அந்த நாக்கு.
மூன்றும் ஒரே கட்டிலில் ஒண்டிக்கொண்டிருந்தன.

மீதி நானூறு ரூபாயை அடுத்த வாரம் தருவதாகப் போனார்.
எழுத்து சற்று நேரம் இருந்தது,
மனிதனின் காலிலிருந்து நீர் இறங்க ஆரம்பித்தது.
படித்துப் பார்த்தேன்.
கண்ணுக்குக் கடைசி எழுத்து இன்னும் ட-தான்.
நாக்குதான் சொல்பேச்சு கேட்காமல்
முன்பல்லின் ஈறில் போய் நிற்கிறது.