சம்பளம் பெற்று எழுதுகிறேன்

முதலில் அதைச் சொல்லிவிட வேண்டுமாம்,
கலைக்களஞ்சியத்தின் விதி.
'என் பெயர் ஹைருன்னிசா.
இக்கட்டுரைக்குரியவரின் நிறுவனத்தில் வேலை.
சம்பளம் பெற்று எழுதுகிறேன்.'
மனாமா வந்த ஒன்பது வருடத்தில்
இத்தனை நேராக
எதையும் எழுத்தில் கொடுத்ததில்லை நான்.
இந்த மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.
அதைச் சொல்ல அங்கே கட்டம் இல்லை.

கோரிக்கை ஒன்று:
தொழிலதிபர் என்ற சொல்லுக்கு முன்னால்
'தொலைநோக்கு மிக்க' என்று சேர்க்கவும்.

பதில் எழுதுகிறவர் பெயர் நள்ளிரவு நத்தை.
ஆணா பெண்ணா, எந்த ஊர், தெரியாது.
யாரும் அவருக்குச் சம்பளம் தருவதில்லை.
இரவு இரண்டு மணிக்கு ஊர்ந்து வந்து
'புகழுரை. ஏற்கவில்லை' என்று
ஈரக்கோடு ஒன்றை விட்டுப் போகிறார்.

கோரிக்கை இரண்டு:
பிறந்த ஆண்டு 1961 அல்ல, 1964.
இது உண்மை.
அருமைநாயகம் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டு
கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுச் சொன்னார்.
பதினெட்டு வயதுப் பையனை யார் விமானம் ஏற்றுவார்கள்?
ஏஜெண்டு மூன்று வருடம் கூட்டி எழுதிவிட்டான்.
'அந்த மூணு வருஷத்தை நான் வாழவே இல்லம்மா.'
சீஃபில் பதினான்காம் மாடி.
கண்ணாடிக்கு வெளியே, லாரி லாரியாக,
கடல் மனையாகிக்கொண்டிருந்தது.
சான்று என்ன என்று கேட்டது நத்தை.
அம்மா சொன்னது, என்றார் சார்.
அப்படியே எழுதினேன்.
'அம்மா வெளியிடப்பட்ட ஆதாரம் அல்ல. மன்னிக்கவும்.'

கோரிக்கை மூன்று.
இதற்காகத்தான் மற்ற இரண்டும்.
'சர்ச்சை' என்ற பத்தியை நீக்கவும்.
2009 கோடை, சித்ரா முகாம்,
ஐந்து மாதம் கூலி தராததால்
நூற்றுப்பத்துப் பேர் வெயிலில் நடந்தார்கள்
தூதரகம் வரைக்கும்.
இரண்டு செய்தித்தாள், ஒரு படம்.
நகர்த்த முடியாத சான்று.
நீக்க இயலாவிட்டால்
'ஐந்து மாதம்' என்பதைச் 'சில காலம்' ஆக்கவும்.
'நடந்தார்கள்' என்பதைச் 'சென்றார்கள்' ஆக்கவும்.
ஒரு சொல்லை எங்கே தேய்த்தால்
வெயில் போகும் என்று சாருக்குத் தெரியும்.

அச்செடுத்த படம் என் மேசைமேல் கிடந்தது.
டீ வைக்க வந்த செல்லச்சாமி
கிளாஸை வைக்காமல் நின்றார்.
'இது நான்தான் மேடம், தலையில துண்டு.
ஆனா அஞ்சு மாசம்னு போட்டிருக்கான். ஏழு.'
எப்படித் தெரியும்?
'குஞ்ஞாலி கோல்டு ஸ்டோர் பற்று நோட்டு.
குபூஸ், தயிர், வெங்காயம், போன் கார்டு.
மாசத்துக்கு ஒரு பக்கம், ஏழு பக்கம்.
அடைச்சு முடிக்க ரெண்டு வருஷமாச்சு.'

அந்தக் கடை இப்போது செல்போன் உறை விற்கிறது.
நோட்டு எங்கே என்று நான் கேட்கவில்லை.
நத்தை என்ன சொல்லும் என்று
இதற்குள் எனக்கே தெரியும்.

அன்றிரவு குதைபியா அறையில்
மகள் தூங்கிய பிறகு
நான்காவது கோரிக்கை எழுதினேன்.
ஐந்து அல்ல, ஏழு.
விதிப்படி மேலே ஒரு வரி வேண்டும்.
பழக்கத்தில் விரல் 'சம்பளம் பெற்று' என்று அடித்தது.
அழித்தேன்.
'இந்தத் திருத்தத்துக்கு
எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.'
சார் வெள்ளிக்கிழமைதான் இதையெல்லாம் பார்ப்பார்.
இன்று செவ்வாய்.

இரண்டு நாற்பதுக்கு நத்தை வந்தது.
'நம்புகிறேன்.
ஆனால் சான்று தேவை.'

காலையில் செல்லச்சாமி கேட்டார்,
என்னாச்சு மேடம்?
நம்புறாங்களாம்.
அப்ப ஏழா?
இல்ல. அஞ்சுதான்.

டிரேயை இடுப்பில் சாய்த்து
கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார்.
'சரி, அந்த ரெண்டு மாசமும்
சார் பேர்ல பாக்கியாவே நிக்கட்டும்'
என்றவர்
சுலைமானி ஆறிவிடும் என்று
அடுத்த மேசைக்குப் போனார்.