முதல் பதினைந்து நிமிடம்

முதல் பதினைந்து நிமிடம் இலவசம்.
அதை நான் சொல்லவேண்டியதில்லை,
கிளிநொச்சிக்கே பாடம்.
மருந்துக் கடைக்குள் ஓடுகிறார்கள்.
வங்கி வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து
வண்டியை ஒருமுறை உருட்டி
பக்கத்துக் கோட்டுக்குள் விடுகிறார்கள்,
இப்போதுதான் வந்தவர்கள் போல.
நானும் இப்போதுதான் பார்த்தவள் போல
இலக்கத்தை எழுதுகிறேன்.

பச்சைச் சட்டை குத்தகைக்காரர் தந்தது.
பேனை என்னுடையது,
நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறேன்.
மோட்டார் சைக்கிளுக்கு இருபது,
ஓட்டோவுக்கு நாற்பது,
பட்டா வாகனத்துக்கு அறுபது,
எல்லாம் மணிக்கு மணி.
உழவு இயந்திரத்தை
அட்டையில் எழுத மறந்துவிட்டார்கள்.
முரசுமோட்டையிலிருந்து நெல்லோடு வந்தவர்
"தலைக்குத் தனியா, பெட்டிக்குத் தனியா?" என்றார்.
இரண்டுக்கும் வேண்டாம், போங்கோ என்றேன்.
அன்றைக்கு என் சம்பளத்தில் கழிந்தது.

ஒருத்தி ஸ்கூட்டியை நிறுத்துவதேயில்லை.
மகனை மேலே இருத்தி, இயந்திரத்தை ஓடவிட்டு,
"நிப்பாட்டேல்லைத்தானே அக்கா" என்று
மீன் வாங்கப் போகிறாள்.
இருபது ரூபாவை மிச்சம் பிடிக்க
எவ்வளவு பெற்றோல் எரிகிறதென்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

தேநீர்க்கடை யசிகரன் என்னோடு கதைப்பதில்லை.
முன்பு ஒரு தேத்தண்ணியோடு
ஒரு காணி வழக்கையே பேசி முடிப்பார்களாம்.
இப்போது நின்றபடி ஊதிக் குடித்து
நாக்கு வெந்து போகிறார்கள்.
மத்தியானமும் வடைத் தட்டு நிறைந்திருக்கிறது.
கடை வாசலில் நாள் முழுக்க
ஒரே வான் மறித்து நின்ற காலத்தில்
சபைக்கு முறைப்பாடு எழுதியவனும்
அவன்தான்.

இந்த வீதிக்குத் துண்டு புதிதில்லை.
போக ஒன்று, வர ஒன்று,
கொண்டுவந்த சாமானுக்கு வேறொன்று.
பதினாறு வயதில்
அம்மாவின் முதுகைப் பார்த்தபடி வரிசையில் நின்றேன்.
அப்போது துண்டு கேட்டவர்களிடம்
"நீ ஆர் கேக்க?" என்று எவரும் கேட்டதில்லை.
என்னைக் கேட்கிறார்கள்.
தூசணத்திலும் கேட்கிறார்கள்.
கேட்கட்டும்.
பேனை மட்டும் வைத்திருப்பவளை.

சிவறூபனின் ஓட்டோ லீசிங்கில் ஓடுகிறது.
பத்தாம் திகதி வந்தால்
வீட்டில் பாத்திரமும் சத்தம் போடாது.
சந்தைக்கு முன்னால் சவாரிக்கு நின்றால் நாற்பது,
நில்லாமல் சுற்றினால் பெற்றோல்.
அவர் சுற்றுகிறார்.
கனகபுரம் வீதி, டிப்போச் சந்தி, திரும்பக் கோவிலடி.
என்னைக் கடக்கும்போது மட்டும்
முகம் மற்றப் பக்கம்.

நேற்று நின்றார்.
ஒரு மணியைத் தாண்டியும் நின்றார்,
சவாரி இல்லை.
குத்தகைக்கார நகுலேஸ் அண்ணை
எதிர்க்கடைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
இலக்கம் எழுதினேன், மனப்பாடம்.
நேரம் எழுதினேன்.
அவர் எடுத்து நீட்டிய நூறு ரூபாத் தாள்
மகளுக்குக் கொப்பி வாங்கக்
காலையில் நான் கொடுத்தது.
மூலையில் அவளுடைய நீலப் பென்சில் கிறுக்கல்.
மிச்சம் இருபது கொடுத்தேன்.
எண்ணி வாங்கினார்,
ஒற்றைத் தாளை.

இரவு, கொப்பி எங்கே என்றாள் மகள்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் கறிச்சட்டியைப் பார்த்தேன்.
பிறகு முடிந்துபோன பற்றுச்சீட்டுப் புத்தகத்தின்
அடிக்கட்டையை எடுத்துக் கொடுத்தேன்.
பின்பக்கமெல்லாம் வெறுமைதான்.
குப்புறப் படுத்து
நாலாம் வாய்ப்பாடு எழுதத் தொடங்கினாள்.

காலையில் அண்ணை அதை எண்ணி வாங்குவார்
என்று சொன்னேன், சுவருக்கு.

"பென்சில்தானே, அழிக்கலாம்"
என்றார் சிவறூபன்.
அன்றைக்கு அவர் என்னோடு கதைத்தது
அவ்வளவுதான்.