மூன்று சுழி

சிம்மக்கல்லில் மாடிப்படி ஏறினால் என் கடை.
இருபதுக்கு முப்பது, நூறு காப்பி,
ஒட்டுக்கூலி தனி.
கல்யாணப் படத்தில் சிரித்துக்கொண்டிருப்பவரைப்
பக்கத்து ஆளின் தோளிலிருந்து வெட்டியெடுத்து
மேகத்தில் வைப்பேன்.
விளக்கா, சிலுவையா, பிறையா என்று மட்டும் கேட்பேன்.
பதினாறு வருஷமாக எல்லாருக்கும்
ஒரே மேகம்தான்.

செவ்வாய்க்கிழமை, கரண்ட் போய் வந்த நேரம்,
கனகமணி வந்தார்.
பெத்தானியாபுரம். நாற்பத்தேழு வயது.
படியில் மூன்று முறை நின்று வந்த மூச்சு.
போட்டோவை நீட்டினார்.
வழக்கம்போல் கேட்டேன்:
“இறந்தவங்க உங்களுக்கு என்ன வேணும்?”
“நான்தான்,” என்றார்.

தோற்றம் என்ற கட்டத்துக்குத் தேதி சொன்னார்.
மறைவு என்ற கட்டத்துக்கு விரல் தானாகப் போனது.
“அது காலியா இருக்கட்டும்.
தை வரைக்கும்னு சொல்லியிருக்காங்க.
கர்த்தருக்குள் நித்திரைன்னு போட்டுறாதீங்க சார்,
இன்னும் வேலை கிடக்கு.”

நோட்டு செல்லாமல் போன வருஷம்
பாதியில் நின்ற சீட்டு அவருடையது.
இருபது பேரில் ஒன்பது பேருக்குக் கொடுத்தார்.
பதினோரு பேருக்குக் கதவைச் சாத்தினார்.
அந்தப் பதினொன்றில் இரண்டு பேருக்குப்
பின் பெஞ்சில் உட்கார்ந்து
மாதா மாதம் திருவிருந்து எடுத்தார்.
“அப்பம் தொண்டையில நிக்கும்.
வீட்டுக்குப் போய்த் தண்ணி குடிச்சு இறக்கிருவேன்.”

கோடு போட்ட நோட்டிலிருந்து வாசித்தார், நான் அடித்தேன்.
முனியசாமி, மாவு மில், பதினாறாயிரத்து நானூறு.
நூர்ஜஹான், டெய்லர், ஒன்பதாயிரம்.
செலின் டீச்சர். (டீச்சர் இல்லை, மகளிடம்.)
வாசிக்கும்போதே மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
வளையல்கள் இருந்த இடம் வெளுத்திருந்தது.

‘சனிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து
வீட்டில் இருப்பேன்.
பெயர் விட்டுப்போனவர்கள் வந்து சண்டை போடலாம்.’
அதையும் அப்படியே போடச் சொன்னார்.

கடைசி வார்த்தையைப் பெரிய எழுத்தில் அடித்துத்
திரையைத் திருப்பினேன்.
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.
மண்ணிப்பு என்று இருந்தது.
“மூணு சுழி போட்டுட்டீங்க.
மண்ணு உள்ள வந்துருச்சு.”
ஒரு சுழியைக் குறைத்தேன்.
“மண்ணு அதுபாட்டுக்கு வரும் சார்,” என்றார்.
“இது அதுக்கு முன்னால வரணும்.”

அந்த ஏரியாவின் பெயரை அன்றுதான் யோசித்தேன்.
வேறொரு பெத்தானியாவில்
கல்லறையில் நான்கு நாள் ஆனவனைப்
பேர் சொல்லிக் கூப்பிட்டாராம்.
இங்கே, மினிபஸ் திரும்பும் இடத்தில்,
அப்படி யாரும் எழுந்து வந்ததாகத் தெரியவில்லை.
கனகமணியை மட்டும்
சாவதற்கு முன்பே கூப்பிட்டிருக்கிறார் போல.

இரவு பதினொன்றரைக்கு
பிரிட்டோ பசை வாளியோடு வந்தான்.
சைக்கிளில் சுருளைக் கட்டும்போது
மூன்று வாரப் பாக்கியை அவன் பையில் வைத்தேன்.
“என்னண்ணே, கடையை மூடப் போறீங்களா?”
“பசை காஞ்சிரும். கிளம்புடா.”

சனிக்கிழமை போனேன். வேடிக்கை பார்க்கத்தான்.
சுவரில் ஒரு ஆடு
செலின் டீச்சர் வரைக்கும் தின்றிருந்தது.
வாசல் நிறையச் செருப்பு, உள்ளே எண்ணும் சத்தம்.
முனியசாமி எட்டு வருஷ வட்டிக்குக் கத்திக்கொண்டிருந்தார்.
கத்தி முடித்துத் தண்ணீர் கேட்டார்.
கனகமணியே எழுந்து,
சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்,
கொண்டுவந்து கொடுத்தார்.

கார்த்திகையில் அவர் மகன் வந்தான்.
தை வரைக்கும் போகவில்லை.
பழைய ஃபைலைத் திறந்தேன்.
காலியாக இருந்த கட்டத்தை நிரப்பினேன்.
மேகத்தை எடுத்துவிட்டு வெள்ளையாகவே விட்டேன்.
பெயர்களையும் எடுத்துவிடவா என்று கேட்டேன்.
நோட்டைக் காட்டினான். எல்லாப் பெயர்மேலும் கோடு,
ஒன்றைத் தவிர.
டெய்லர் திருப்பூருக்குக் குடிபோய்விட்டாராம்.
பக்கத்தில், நடுங்கிய பென்சிலில், ஒரு முகவரி.

நூறு காப்பிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு
ஆரப்பாளையத்திலிருந்து திருப்பூருக்கு
முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.