இடது கால்

பூவைப் பார்த்தே தோப்புக்கு விலை பேசுகிற ஊரில்
எனக்கும் அதே வேலைதான்.

காவேரிப்பட்டணம் பள்ளி மைதானம்.
கபடி மேட் வெயிலில் கொதிக்கிறது.
நாற்பத்தியொரு பையன்கள்.
எடை மிஷினில் ஏறுமுன் ஒருவன்
அரைஞாண் கயிற்றையும் அவிழ்த்து வைக்கிறான்.

போனஸ் கோட்டைத் தொடும் கால்களை
எவனும் எண்ணிவிடுவான்.
நான் பார்ப்பது பிடிபட்டவனை:
எழுந்ததும் நடுவரைப் பார்க்கிறானா,
தரையையா,
தன்னைப் பிடித்தவனின் கையையா.
கையைப் பார்ப்பவன் பெயருக்கு நேரே
ஒரு புள்ளி வைப்பேன்.

ஐந்து புள்ளி விழுந்தது.
அணிக்கு வேண்டியது இரண்டு பேர்.
வயசு நிஜமா என்று மட்டும்
மேனேஜர் போனில் கேட்டார்.
நாகோஜனஹள்ளிப் பையனுக்கு மூச்சு நீளம்,
மணிக்கட்டு மெலிசு.
'தடிக்கும்' என்று எழுதினேன்.
தடிக்குமா?
எழுதியாயிற்று.

கிருஷ்ணகிரி டோல்கேட்டில்
ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை.
கைமிஷினோடு ஓடிவந்தவன்
கண்ணாடியைத் தட்டினான்.
"சார், போன வருஷம் செலக்‌ஷனுக்கு வந்தேன். திம்மராஜ்."
நினைவில்லை. தலையாட்டினேன்.

"எடது கால் லேட்டுன்னு எழுதுனீங்க.
நோட்டு தலைகீழாத்தான் தெரிஞ்சுது,
படிச்சிட்டேன்.
இப்பப் பாருங்க."

இரண்டு லாரி வரிசைக்கு நடுவில்
மிஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
சாலையின் வெள்ளைக் கோட்டை
இடது காலால் தொட்டுத் திரும்பினான்.

லேட் இல்லை.

பின்னால் ஹாரன்.
தடுப்புக் கட்டை தூக்கிக்கொண்டது.
நோட்டு பின்சீட்டில் கிடந்தது,
கைக்கு ஒரு சாண் எட்டாமல்.