பயன்படாதவை

சனிக்கிழமை விடிகாலை இரண்டு நாற்பதுக்கு
தை செங்கில், ஆறாம் மாடியில்,
மூன்று வட்டுகள் இல்லாமல் போயின.
மனிதக் கை எதுவும் படவில்லை.
இரவு வேலைக்கு நாங்கள் வைத்திருந்த ஏஐ முகவர்
ஒரு வரியைப் படித்தது,
படித்தபடியே செய்தது,
முடிந்தது என்று பதிவேட்டில் எழுதிவிட்டு
அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

அந்த வரி என்னுடையது.
பயன்படாத வட்டுகளை அகற்றும்.
மூன்றே சொல்.
மார்ச்சில் ஒரு மதியம், சாப்பிடப் போகும் அவசரத்தில்
ஒரு கையில் குடையோடு தட்டியது.

தோ பாயோவில் ஒரு பல் மருத்துவர்.
அவருடைய எக்ஸ்ரே படங்கள் இருந்த வட்டுகளை
ஷஃபீக்கா பழுது பார்க்கக் கழற்றி வைத்திருந்தாள்.
அரைமணி நேரம்தான்.
எதிலும் மாட்டாமல் கிடப்பது பயன்படாததுதானே?
என் வரியைக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லும்.

நல்லவேளை, நகல் இருந்தது.
முதல் ரயில் கிளம்புவதற்குள்
ஆறாயிரம் கடைவாய்ப் பற்களும்
அதனதன் வாய்க்குத் திரும்பிவிட்டன.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் வெங் கியோங் கேட்டார்,
மாடலை மாற்றிவிடலாமா?
வாக்கியத்தை மாற்றலாம் என்றேன்.
என் காது சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு எந்தச் சொல்லும் என்னிடம் சும்மா வருவதில்லை.
தேக்காவில் மரியதாஸ் தக்காளியை நிறுத்துக் கொடுக்கிறார்.
வரிசையில் ஒருவர்
அடுத்த தேர்தலில் யாரை நிறுத்துவார்களோ என்கிறார்.
நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி
கை நீட்டி 147ஐ நிறுத்துகிறேன்.
ஒருவருக்கும் குழப்பமில்லை.
தராசு இருக்கிறது, குரல் இருக்கிறது,
மூச்சிரைக்க ஓடிவரும் என் கோலம் இருக்கிறது.
அதற்கு?
நான் எழுதியது மட்டும்.

புருவம் சுருங்குவதை அது பார்த்ததில்லை.
நேற்றுப் பட்டது இன்று நினைவில்லை.
ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து
முதல் சொல்லிலிருந்து என்னை நம்புகிறது.
இப்படி யாரும் என்னைப் படித்ததில்லை.
பயமாகத்தான் இருக்கிறது.

எழுதினேன்:
நிறுத்தும் என்றால் சர்வர் உறங்கும்,
வட்டு அப்படியே இருக்கும், வாடகை ஓடும்,
மறுபடி எழுப்பலாம்.
அழிக்கும் என்றால் திரும்பாது.
திரும்பாது என்பதைத் தனி வரியில் வைத்தேன்.
எப்போது தொடலாம் என்பதைவிட
எப்போது தொடக்கூடாது என்பது நீளமாயிற்று.

பயன்படாத என்ற சொல் மட்டும்
இரண்டு நாள் நகரவில்லை.
யாருக்குப் பயன்படாத?
எத்தனை நாளாக?
யார் சொன்னது?

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்
தூணோடு சாய்ந்து ஒரு சைக்கிள்.
சங்கிலி துரு, பின் சக்கரத்தில் காற்றில்லை.
நகர மன்றம் அதில் ஒரு சிவப்புச் சீட்டு கட்டியிருந்தது:
இன்ன தேதிக்குள் எடுக்காவிட்டால் அகற்றப்படும்,
உங்களுடையது என்றால் இந்த எண்ணை அழையுங்கள்.
நான்கு மொழியில்.
லிஃப்ட் இரண்டு முறை வந்து திறந்து மூடிக்கொண்டது.
நான் அங்கேயே நின்று படித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை சீட்டைக் காணோம்.
சைக்கிள் இருந்தது.
துரு அப்படியே, காற்று மட்டும் அடித்திருந்தது.
முன்கூடையில் ஈரச் செய்தித்தாளில் சுற்றிய
வெங்காயத்தாள் ஒரு கட்டு.

அன்றிரவே அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்:
முப்பது நாள் யாரும் படிக்காத, எழுதாத வட்டுக்கு
இந்தக் கருவி முதலில் ஒரு சீட்டு ஒட்டும்.
பதினான்கு நாள் காத்திருக்கும்.
உரியவரைக் கேட்கும்.
பதில் வராதது சம்மதம் ஆகாது.

நேற்று விடிகாலை மூன்று பத்துக்கு
தலையணைக்கடியில் போன் அதிர்ந்தது.
வட்டு 0417, முப்பத்தொரு நாளாக யாரும் தொடவில்லை.
சீட்டு ஒட்டியிருக்கிறேன்.
இது யாருடையது?

எழுந்து உட்கார்ந்து யோசித்தேன்.
ஷஃபீக்காவுடையதாக இருக்காது.
போன வருடம் பெர்த்துக்குப் போய்விட்ட
அந்தப் பையனுடையதாக இருக்கலாம்.

தெரியவில்லை என்று பதில் போட்டேன்.

சரி என்றது.
இன்னும் தொடவில்லை.