பத்து புள்ளி ஆறு

பழுப்புப் புட்டி உடைந்தது ஒரு புதன்கிழமை.
வேறு இல்லாததால்
பெர்மாங்கனேட்டை வெள்ளைப் புட்டியில் ஊற்றி
மேற்குச் சன்னலோரம் வைத்தேன்.
பிறகு மீலாது, வெள்ளி, சனி.
பள்ளிக்கூடம் பூட்டி, ஏசி அணைத்து,
மங்காஃபின் செப்டம்பர் வெயில் மட்டும்
மூன்று நாளும் தவறாமல் வகுப்புக்கு வந்தது.

ஞாயிறு காலை
பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவுக்கு
அரையாண்டுச் செய்முறைத் தேர்வு.
முப்பத்திரண்டு பியூரெட், முப்பத்திரண்டு குடுவை.
சூடான அமிலத்தில்
ஊதா சொட்டுச் சொட்டாய் விழுந்து
நிறமிழந்து, நிறமிழந்து,
ஏதோ ஒரு சொட்டில்
போகமாட்டேன் என்று நிற்கும் இளஞ்சிவப்பு.
அதைப் பார்க்கத்தான் தேர்வு.
பார்த்தவர்கள் குறைவு.
போன வருட நோட்டு
முந்தின இரவே வாட்ஸப்பில் வந்துவிட்டது,
டியூஷன் சாரின் ஆசீர்வாதத்தோடு.
ஒன்பது புள்ளி எட்டு.
ஒன்பது புள்ளி எட்டு.
மிச்ச ஊதாவைத் தொட்டியில் கொட்டிவிட்டு
ஒன்பது புள்ளி எட்டு.

ஜெஃப்ரினாவுக்கு மட்டும் பத்து புள்ளி ஆறு.
அப்பா அஹமதி ரிஃபைனரியில் வெல்டர்.
அடர்நிறத் திரவத்துக்கு
மேல்விளிம்பைத்தான் பார்க்க வேண்டும்.
அது தெரிந்து
குனிந்து, கண்ணை நேராக்கிப் பார்த்தாள்.
மறுபடி பத்து புள்ளி ஆறு.
மூன்றாம் தடவையும்.
பக்கத்து மேசைக்காரி
உதட்டை மட்டும் அசைத்து எண்ணைச் சொல்லிக்கொடுத்தாள்.
இவள் பிரமீளா மிஸ்ஸிடம் போய்க் கேட்டாள்:
"மிஸ், வந்ததை எழுதவா, வரவேண்டியதை எழுதவா?"
"வரவேண்டியது வர்ற மாதிரி செய்."

எட்டுக்கு இரண்டு.
ஓரத்தில் சிவப்பில்: கவனம் போதாது.

சாயங்காலம் கழுவ எடுத்தபோதுதான் பார்த்தேன்,
புட்டியின் அடியில்
டீத்தூள் மாதிரிப் பழுப்பு வண்டல்.
வெயில் குடித்திருக்கிறது.
கதவைச் சாத்திக்கொண்டு
நானே சொட்டுச் சொட்டாய் விட்டுப் பார்த்தேன்.
பத்து புள்ளி ஆறு.

என் அகாமாவில் தொழில்: துப்புரவு.
பி.எஸ்சி. வேதியியலில் ஒரு தாள் பாக்கி,
பதினோரு வருடமாக.
முடித்த மாதிரியே சான்றிதழ் தர
கோவில்பட்டியில் ஒருவன் எண்பதாயிரம் கேட்டான்.
வாங்கவில்லை.
நேர்மை என்று சொல்லிக்கொள்ளலாம்.
கையில் இருந்தது முப்பது.

அன்று இரவு கட்டிலில் கணக்குப் போட்டேன்.
சொன்னால் ஒரு பிள்ளைக்கு ஆறு மதிப்பெண்,
எனக்கு ஒரு மெமோ, அல்லது டிக்கெட்,
முப்பத்தொரு பேருக்கு...
அதற்குமேல் கணக்கு ஓடவில்லை.
மேல்கட்டில்காரன் குறட்டையை நிறுத்தி
மறுபடி தொடங்கினான்.

திங்கள் காலை இருப்புப் பதிவேட்டில் எழுதினேன்:
வெளிச்சத்தில் வைத்ததால் வீரியம் குறைந்தது.
நேற்றைய சரியான அளவு 10.6.
தவறு என்னுடையது.
சேர்மக்கனி.

மிஸ் இரண்டு தடவை படித்தார்.
வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சித் தட்டி
காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது,
போன வருடப் பிள்ளைகளின் முகங்கள்
வெயிலில் வெளுத்து.
பதிவேட்டை மூடினார்.
"கனி, புதுசா கரைச்சு வைங்க.
இருட்டு அலமாரியில."

புதன்கிழமை நோட்டுகள் திரும்பின.
இரண்டை அடித்து எட்டு.
முப்பத்திரண்டு பேருக்கும் எட்டு.

மத்தியானம் வந்தாள்.
நான் பியூரெட் அலசிக்கொண்டிருந்தேன்.
நன்றி சொல்ல வருகிறாள் என்று
அதற்கேற்ற முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"அண்ணா,
கரைசல்தான் கெட்டுப்போச்சுன்னா
ஒன்பது புள்ளி எட்டு
அவங்களுக்கு எப்படி வந்துச்சு?"

குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்,
சத்தமாக.
என் விரலில் பழுப்புக் கறை
நாலு நாளாகப் போகவில்லை.
அவள் விரலிலும் இருந்தது.