மேய்ப்பன் நடந்துதான் வருவான்

புந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
ஆட்கள் பறந்துவிடாமல் பிடித்துக்கொள்ள.
அதில் ஒரு துண்டை நகராட்சிக் கிடங்கில் கேட்டு வாங்கி
வகுப்பறைத் தரையில் வட்டமாகப் போட்டேன்.
இதுதான் மண்டை, என்றேன்.
கொஞ்சம் நெளிந்திருந்தது.
யார் மண்டைதான் சரியான உருண்டை?

உள்ளே ஏழு ஆடுகள்.
பசி ஒரு ஆடு, மூத்திரம் ஒரு ஆடு,
அம்மா எப்போ வருவா என்பது கொழுத்த ஆடு.
நடுவில் பிஸ்கட் டப்பாவோடு ரயென்;
டப்பா நிறையப் பழைய படங்கள்.
இது முன்னாடி நடந்ததா என்று
தேடிப் பார்ப்பது அவள் வேலை.
ஒரு நாய்.
நெற்றிப் பக்கம், தூரத்தில், ஒரு மேய்ப்பன்.

நாய் ஓடலாம்.
மேய்ப்பன் மட்டும்
குதிகாலை விரல்நுனியில் ஒட்டி ஒட்டி
நடந்துதான் வர வேண்டும்.

கயிற்றுக்கு வெளியே பதினோராவது ஆள் இவோ.
ஒரு கையில் பூமாவின் படம்,
மறு கையில் பிளாஸ்டிக் பை.
எதைக் காட்டினாலும் நாய் குரைத்தது.
ஒரு ஆடு மேசைக்கடியில்,
இரண்டு ஆடுகள் கழிப்பறை வரை போய்
அங்கேயே விளையாட ஆரம்பித்துவிட்டன.

"முட்டாள் நாய்" என்றான் இவோ.
"இல்ல" என்றாள் மிலென்கா. அவள் வீடு பண்ணையில்.
"ஒரு தடவ நெஜமாவே பூமா வந்துச்சு.
முதல்ல எந்திரிச்சது நாய்தான்."
அடுத்த வாரப் பாடத்துக்கு நான் எழுதி வைத்திருந்த வரி.
நோட்டில் அடித்துவிட்டேன்.

குரைக்கிற நாய் கடிக்காது என்பது
பெரியவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்வது.
செவ்வாய்க்கிழமை பெனிசியோ கடித்தே விட்டான்.
மிலென்காவின் முன்கையில் ஆறு பல், வரிசையாக.
பிறகு அவனே அழுதான்:
"நானில்ல, நாய்."
தடத்தை ஊதிக்கொண்டே அவள் கேட்டாள்,
"நாய் யாரோடது?"

அன்று எல்லோரும் தம் தம் நாய்க்குப் பெயர் வைத்தார்கள்.
மிளகு.
சூப்.
மாமாவின் மோட்டார்சைக்கிள்.
பெனிசியோ வெகுநேரம் யோசித்து
செவ்வாய்க்கிழமை என்று வைத்தான்.

வியாழன். வீட்டுச் சொந்தக்காரர் போனில் மூன்றாம் முறை.
வாடகை, என்றார். தெரியும், என்றேன்.
போனை வைத்த கையோடு
நீலச் சாய ஜாடி தரையில் விழுந்து உடைந்தது.
நான் கத்தினேன்.
என்ன கத்தினேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஆடுகள் சிதறவில்லை.
பதினோரு பேரும் அப்படியே நின்றார்கள்.
அதுதான் பயமாக இருந்தது.

ரயென் டப்பாவைத் திறந்தாள்.
ஒரு கப்பல், ஒரு கேக், யாருடைய நாயோ, பனி.
எல்லாவற்றையும் புரட்டிவிட்டு,
"இதுல இல்ல" என்றாள்.
இருக்காது, கண்ணே.
அந்தப் படங்கள் என் டப்பாவில்.

கண்ணாடித் துண்டுகள் இல்லாத பக்கமாய்
அவுக்கான் புறப்பட்டான்.
குதிகால், விரல்நுனி. குதிகால், விரல்நுனி.
சாயத்தின் ஓரத்தில் கால் பட்டு
அவன் பின்னால் நீலத் தடங்கள்.
இருபத்து மூன்று எண்ணினேன்.
வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை, எண்ணினேன்.
வந்து சேர்ந்தவன் அமைதியாக இரு என்று சொல்லவில்லை.

"யாஸ்னா, ஒன் நாய் பேரென்ன?"

நாற்பத்து நான்கு வயது. பெயர் இல்லை.

"பேரில்லேன்னா எப்படித் திரும்பக் கூப்பிடுவ?"

மாலையில் வீடு திரும்பும்போது காற்று நூறைத் தாண்டியிருந்தது.
தெருக்கயிற்றைப் பிடித்தபடி
ஒரு கால், பிறகு ஒரு கால்.
குப்பைப் பை ஒன்று முகத்துக்கு நேரே பறந்து வந்தது.
உள்ளே உடனே குரைப்பு.
பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன்,
உரக்கத்தான்; அந்தக் காற்றில் யாருக்குக் கேட்கும்.
எதற்கும் மசியவில்லை.

மருந்துக்கடை தாண்டி ஒரு பெயருக்கு மட்டும்
உள்ளே ஏதோ காதை நிமிர்த்தியது.
உங்களிடம் சொல்ல மாட்டேன்.
நாளைக் காலை முதல் வேலையாக
அவுக்கானிடம் சொல்ல வேண்டும்.